இணையப் பேச்சும் அரசின் கட்டுப்பாடுகளும்: மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் உள்ளூர்ச் செய்திகளுக்கென யூடியூப் சேனலோ வாட்ஸ்அப் குழுவோ நடத்துகிறவர்களும், மதுரைக் கல்லூரி மாணவர்களும், முகநூலில் ஒரு வரி எழுதுவதற்கே தயங்கத் தொடங்கிவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சட்ட விவரங்களோடு, அந்தச் சட்டங்களை அரசுகள் எந்த நேரத்தில், எதற்காகக் கையில் எடுக்கின்றன என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. தனிப்பட்ட வழக்குகளுக்கு வழக்கறிஞரைத்தான் அணுக வேண்டும்.

இணையப் பேச்சைக் கட்டுப்படுத்த அரசு எடுக்கும் எல்லா நடவடிக்கைகளுக்கும் பின்னால் அரசியல் நோக்கம்தான் இருக்கிறதா?

இல்லை. 2018 மே மாதம் குழந்தைக் கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததாலேயே சந்தேகிக்கப்பட்டு, கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அப்படியொரு செய்தியை அரசு தடுக்க முயன்றால் அதில் குறை காண முடியாது.

மதுரைக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு வழக்கு இருக்கிறது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பி விசாரிக்கும் அளவுக்கு அச்சம் மூண்டது. அவற்றைப் பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் இங்கு கொண்டுவரப்பட்டு மதுரை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். வழக்குப் பதிவு செய்தது வரையில் அரசின் பக்கம் நியாயம் இருந்தது. அதற்கு மேல், அந்த ஏப்ரலில், தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அவரைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் ஆணையை ரத்து செய்தது. நியாயமான தேவையும் மிகையான அதிகாரமும் ஒரே வழக்கிலேயே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

அப்படியென்றால் அரசியல் நோக்கம் இருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்தால் தெரியாது. எந்தச் சட்டத்தை எடுத்தாலும் பொது அமைதி, நாட்டின் பாதுகாப்பு, பெண்களின் மாண்பு, குழந்தைகளின் நலன் என்ற சொற்களே முதலில் வரும். அவற்றை எதிர்த்து யாரும் பேச முடியாது. பார்க்க வேண்டியது அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் விதத்தை. ஒரே மாதிரியான இரண்டு பதிவுகளில் ஆளுங்கட்சியைத் தாக்கிய பதிவின் மீது மட்டும் வழக்கு வருகிறதா? புகார் கொடுத்தவர் பாதிக்கப்பட்டவராக இல்லாமல் ஆளுங்கட்சியின் பொறுப்பாளராக இருக்கிறாரா? பெண் ஒருவர் ஆபாச மிரட்டல் பற்றிக் கொடுத்த புகார் வாரக்கணக்கில் கிடக்கும் காவல் நிலையத்தில், அமைச்சரைக் கேலி செய்த பதிவுக்கு மட்டும் இரவோடு இரவாகக் கைது நடக்கிறதா? செய்த காரியத்துக்குப் பொருந்தும் சிறிய பிரிவு இருக்கும்போது, பிணை கிடைக்காத பெரிய பிரிவைத் தேடி எடுத்திருக்கிறார்களா? தடை ஆணையின் நகலைத் தடைக்குள்ளானவருக்குக் காட்டாமல் மறைக்கிறார்களா?

இவற்றில் ஒன்றுக்கு மட்டும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் அது அதிகாரிகளின் அலட்சியமாகக்கூட இருக்கலாம். மூன்று நான்கு சேர்ந்து வரும்போது சந்தேகத்தின் பலனை அரசுக்குக் கொடுப்பதற்கு இடமில்லை என்பது எங்கள் கருத்து. இந்தப் பக்கத்தில் வரும் வழக்குகளையும் இந்தக் கேள்விகளை வைத்தே படித்துப் பார்க்கலாம்.

பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பே அனுமதி கொடுத்திருக்கிறதே?

கொடுத்திருக்கிறது. 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதற்கு ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ விதிக்கலாம் என்கிறது. ஆனால் அந்த 19(2) இன்றைய வடிவத்துக்கு வந்த கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, அது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

1950இல் அன்றைய சென்னை மாகாண அரசு, பம்பாயிலிருந்து வந்த ஓர் இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழையத் தடை விதித்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. மறு ஆண்டே, 1951இல், முதல் திருத்தத்தின் மூலம் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் 19(2)இல் சேர்க்கப்பட்டது. அடுத்து 1963இல் பதினாறாவது திருத்தம் வந்தது. திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த திமுக 1962 தேர்தலில் ஐம்பது சட்டமன்ற இடங்களைப் பிடித்திருந்த நேரம் அது. சர் சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான குழு பரிந்துரைத்ததையடுத்து, ‘இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு’ என்ற சொற்கள் 19(2)இல் சேர்ந்தன. தேர்தலில் நிற்பவர்கள் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. திமுக அவ்வாண்டே பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

கோரிக்கை போனது, சொற்கள் போகவில்லை. இன்று இணையதளங்களை முடக்கும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அதே இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற சொற்களில்தான் தொடங்குகிறது. 2020இல் சீனச் செயலிகளைத் தடை செய்தபோதும் அவையே எடுத்துக்காட்டப்பட்டன. ஒரு கட்சியை மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்ட அதிகாரம் அந்தக் கட்சியின் கோரிக்கையோடு முடிந்துபோவதில்லை. அடுத்து வரும் ஒவ்வோர் அரசும் அதைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. வெள்ளையர் காலத்திலும் இதே வழக்கம்தான். 1878இல் தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளை அதில் தொடவில்லை. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, பின்னர் புதுச்சேரிக்குப் போய் நடத்திய ‘இந்தியா’ இதழ் நின்றுபோனதற்குக் காரணம், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைவதற்கு விதிக்கப்பட்ட தடை.

66ஏ பிரிவு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது இப்போது இருக்கிறதா?

இல்லை. 2008 டிசம்பரில், நாடாளுமன்றத்தின் கூச்சலுக்கு நடுவே, விவாதமே இல்லாமல் நிறைவேறிய தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்த பிரிவு அது. ‘எரிச்சலூட்டும்’, ‘அசௌகரியம் தரும்’ செய்திகளுக்குக்கூட மூன்றாண்டுச் சிறை என்றது. 2012இல் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் நடத்துபவர் ஒருவர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக அதிகாலையில் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு தெருவைக்கூட நிரப்ப மாட்டார்கள். ஆளைப் பார்த்து ஏவப்படும் சட்டம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ் வாசகர்கள் அப்போதுதான் கண்ணெதிரில் கண்டார்கள்.

பிரிவைக் கொண்டுவந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. 2014இல் ஆட்சி மாறிய பிறகும், புதிய அரசு உச்ச நீதிமன்றத்தில் அது நீடிக்க வேண்டும் என்றே வாதிட்டது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிமன்றம் அதை முழுவதுமாக நீக்கியது. அதன் பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன. இனி யார் மீதும் 66ஏ பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. உங்கள் மீதான முதல் தகவல் அறிக்கையில் அந்த எண் இருந்தால், அதைச் சுட்டிக்காட்டினாலே அந்தப் பிரிவு விழுந்துவிடும்.

தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆட்சியில் இது அதிகம்?

கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதிமுக ஆட்சியில், 2015 அக்டோபரில், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லியும் முதல்வரை விமர்சித்தும் பாடிய மக்கள் பாடகர் கோவன் திருச்சியில் நள்ளிரவு கடந்து கைது செய்யப்பட்டார். இணையத்தில் ஏற்றப்பட்ட பாட்டுக்குத் தேசத்துரோகப் பிரிவு போடப்பட்டது. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. அதைக் கண்டித்து முதல்வரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் ஆடையில்லாமல் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா மீது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஆபாசத்தைத் தடுப்பதற்கான 67ஆம் பிரிவில் வழக்கு வந்தது. நிர்வாகத்தைச் சாடும் ஓவியம் அது; அதில் காம உணர்வைத் தூண்டுவது எது என்று இன்றுவரை விளங்கவில்லை. 2011 முதல் 2016 வரை தமிழக அரசு தொடுத்த இருநூறுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளைப் பார்த்து உச்ச நீதிமன்றமே கண்டித்தது.

2021இல் ஆட்சிக்கு வந்த திமுக, பத்திரிகைகள் மீதிருந்த பழைய அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அதைப் பாராட்ட வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில், குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தையொட்டி, திமுக ஆட்சியில் தமிழ்நாடு காஷ்மீராக மாறுகிறதா என்ற பொருளில் ட்வீட் போட்ட மதுரை யூடியூபர் மாரிதாஸ் கைது செய்யப்பட்டார். ஒரு வாரத்துக்குள் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கர் தேனியில் கைதானார். பெண் காவலர்களைப் பற்றி அவர் பேசியது இழிவானது, வழக்குக்கு உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து குண்டர் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த சில நாட்களிலேயே மறுபடியும் அதே சட்டத்தில் அடைத்ததும் வாய்த்துடுக்குக்கான தண்டனையைத் தாண்டிய காரியங்கள். விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்ற அந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில், இணையக் குற்றவாளிகளையும் சேர்த்தது 2014இல் ஜெயலலிதா அரசு. சேர்த்தவர் ஒருவர், பயன்படுத்தியவர் இன்னொருவர்.

பக்கத்து மாநிலத்திலும் கதை மாறவில்லை. 66ஏ பிரிவைக் கடுமையாக எதிர்த்த இடதுசாரிகள் அப்போது ஆண்ட கேரளத்தில், 2020 நவம்பரில், அவதூறான பதிவுக்கு மூன்றாண்டுச் சிறை என்ற அவசரச் சட்டம் வந்தது. சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெறும் அளவுக்கு வெட்கம் இருந்தது என்பதே பெரிய வேறுபாடு.

வாடிப்பட்டி வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்வது எது?

மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த, ஓர் இடதுசாரிக் கட்சியின் அறுபது வயது கடந்த நிர்வாகி, குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய்விட்டு வந்து, படங்களை முகநூலில் போட்டார். துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று வேடிக்கையாக ஒரு வரி எழுதினார். வாடிப்பட்டி காவல் துறை அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்தல் உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தது. படங்களில் இருந்தவர்கள் மகளும் மருமகனும். ஆயுதம் எதுவும் இல்லை. வாடிப்பட்டி குற்றவியல் நடுவர் அவரைச் சிறைக்கு அனுப்ப மறுத்தார். இந்த வழக்கில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான், ஏனென்றால் உயர் நீதிமன்றம் வரை போய் வெல்வதற்குள் ஒருவர் பல வாரங்கள் சிறையில் கழித்துவிடுவதே பெரும்பாலும் நடப்பது.

2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த வழக்கை ரத்து செய்தார். நையாண்டி எழுதுகிறவர்களிடம் அரசியலமைப்பைத் திருத்தச் சொல்லியிருந்தால் அடிப்படைக் கடமைகளோடு சிரிக்கும் கடமையையும் சேர்த்திருப்பார்கள் என்ற அவருடைய கருத்து நாடெங்கும் பேசப்பட்டது.

ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. 2022 செப்டம்பரில், உயர் நீதித்துறையில் ஊழல் மலிந்திருப்பதாக ஒரு யூடியூப் நேர்காணலில் சொன்ன சவுக்கு சங்கருக்கு, அதே நீதிபதியும் இடம்பெற்ற மதுரைக் கிளை அமர்வு நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை விதித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது. தன்னைப் பற்றிய பேச்சு என்று வரும்போது நீதிமன்றத்தின் அளவுகோலும் சற்று நீள்கிறது. இதை மரியாதையோடுதான் சொல்கிறோம்.

டிக்டாக் தடை மதுரையில்தான் தொடங்கியதா?

ஒரு வகையில் ஆம். மேலூர் சாலையில் உள்ள மதுரைக் கிளையில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில்தான், 2019 ஏப்ரல் 3 அன்று, டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு இடைக்கால ஆணை வந்தது. ஆபாசமும் குழந்தைகளின் பாதுகாப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கூகுளும் ஆப்பிளும் செயலியை நீக்கின. நிறுவனத்தின் வாதத்தைக் கேட்ட பின், ஏப்ரல் 24 அன்று அதே கிளை தடையை விலக்கியது.

2020 ஜூன் 29 அன்று வந்தது முற்றிலும் வேறான தடை. கல்வான் மோதல் நடந்து இரண்டு வாரங்களில், 59 செயலிகளை மத்திய அரசு 69ஏ பிரிவின் கீழ் முடக்கியது. சீனாவுக்குச் செய்தி சொல்வதே அதன் முதல் நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை, அந்த நோக்கத்தைத் தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செயலியில் பாடியும் ஆடியும் நடித்தும் முதன்முறையாகக் கவனம் பெற்ற கிராமத்து ஆட்களுக்கு, தங்கள் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பும் இருக்கவில்லை. நீதிமன்றத் தடைக்கும் நிர்வாகத் தடைக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியும்: முன்னதில் மூன்று வாரங்களில் வாதம் நடந்து தடை நீங்கியது; பின்னது பயனாளர் எவரையும் கேட்காமல் நிரந்தரமாகிவிட்டது.

ஓர் இணையதளத்தை முடக்கும்போது காரணத்தை ஏன் சொல்வதில்லை?

69ஏ பிரிவுக்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் அதன் மீதான நடவடிக்கையையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. அவசரநிலை என்று சொன்னால் முதலில் முடக்கிவிட்டு, 48 மணி நேரத்துக்குள் ஆய்வு செய்யும் அதிகாரிகள் குழுவின் முன் வைத்தால் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை 2025 பிப்ரவரியில் விகடன் வாசகர்கள் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட சமயம். டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்குகளோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இணைய இதழில் ஒரு கார்ட்டூன் வந்தது. அன்றைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை புகார் அனுப்பினார். பிப்ரவரி 15 மாலை விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. முறையான அறிவிப்பு அதற்குப் பிறகே அவர்களுக்கு வந்தது. ஒரு கார்ட்டூனுக்காக, விவசாயக் கட்டுரையும் சமையல் குறிப்பும் ஜோதிடமும் உள்ள முழுத் தளமும் மூடப்பட்டது. இரண்டாம் கேள்விக்கான பதிலில் சொன்னவற்றோடு ஒப்பிட்டால், இங்கே ஏறத்தாழ எல்லாமே பொருந்துகின்றன: புகார்தாரர் யார், வேகம் எவ்வளவு, தண்டனையின் அளவு என்ன, ஆணை எப்போது காட்டப்பட்டது.

மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனை மட்டும் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தளத்தைத் திறக்க ஆணையிட்டது. இதில் பத்திரிகைக்குக் கிடைத்தது முழு வெற்றி என்று எங்களால் சொல்ல முடியவில்லை. 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனை ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தமிழகச் சட்டமன்றமே சிறைக்கு அனுப்பியபோது, சில நாட்களிலேயே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. பின்னர் உயர் நீதிமன்றமும் அந்தத் தண்டனை தவறென்றது. அன்று தண்டித்தது யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது தளம் திறக்காதபோது, அது அரசு ஆணையா தொழில்நுட்பக் கோளாறா என்றே முதல் நாள் முழுக்க விவாதிக்க வேண்டியிருக்கிறது.

69ஏ பிரிவைத் தவிர, 79(3)(பி) என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. அதன் கீழ் சமூக ஊடக நிறுவனங்களுக்கு நீக்க உத்தரவுகளை அனுப்ப, 2024இல் ‘சஹ்யோக்’ என்ற இணையவாசல் தொடங்கப்பட்டது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கீழ்நிலை அதிகாரிகளெல்லாம் உத்தரவு அனுப்புகிறார்கள் என்ற குறைக்குப் பிறகு, மத்தியில் இணைச் செயலர் நிலையிலும், காவல் துறையில் டிஐஜி நிலையிலும் உள்ளவர்களே அனுப்பலாம் என்று 2025 நவம்பர் முதல் விதி மாற்றப்பட்டது. பதிவு போட்டவருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பது மட்டும் அதில் வரவில்லை.

பொய்ச் செய்தியை அரசே சரிபார்த்தால் நல்லதுதானே?

சரிபார்த்து மறுப்பு வெளியிட்டால் நல்லது. எது பொய் என்று தீர்ப்பளித்து நீக்கவும் வைத்தால், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்கார்வதாகிவிடும். 2023 ஏப்ரலில் மத்திய அரசு, தன்னைப் பற்றிய செய்திகளில் எவை பொய் என்று குறிக்கும் பிரிவொன்றை அமைக்க விதி செய்தது. குறிக்கப்பட்ட பதிவை நீக்காத நிறுவனம், பயனாளர்களின் பதிவுகளுக்குத் தான் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும் என்றது அது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா தொடுத்த வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த விதியைச் செல்லாது என்றது.

தமிழ்நாடு அரசும் 2023இல் சொந்தமாக ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்திருக்கிறது. வதந்திகளுக்கு விரைந்து மறுப்புச் சொல்லும்வரை அதனால் பயன் உண்டு. ஆனால் ஆளுங்கட்சி மீதான விமர்சனத்துக்கு மறுப்பு எழுதுவதற்கு அரசின் முத்திரை எதற்கு என்ற கேள்வி, டெல்லிக்குப் பொருந்துவதுபோலச் சென்னைக்கும் பொருந்தும்.

இணையத்தையே துண்டிப்பது சட்டப்படி செல்லுமா?

நிபந்தனைகளோடு செல்லும். 2018 மே 22 அன்று தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. சமூக ஊடகங்களில் தூண்டுதலான செய்திகள் பரவுகின்றன என்று அரசு காரணம் சொன்னது. மதுரையில் இருந்த உறவினர்கள் அங்கு போனில் பேச முடிந்தது. அங்கிருந்து ஒரு காணொளியைப் பெற முடியவில்லை. கூட்டம் கூடுவதைத் தடுப்பதே நோக்கமென்றால், துப்பாக்கிச் சூடு நடந்து முடிந்த பிறகு, காட்சிகள் வெளியே வரக்கூடிய நாட்களில் துண்டித்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

காஷ்மீர் துண்டிப்பு பற்றிய அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று, இத்தகைய ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரையின்றித் துண்டிக்கக் கூடாது, தேவைக்கு மேல் போகக் கூடாது என்றது. ஆணை வெளியாகவில்லை என்றால் அதைக் கேட்டுப் பெறும் உரிமை இப்போது உங்களுக்கு இருக்கிறது.

திருப்பரங்குன்றம் போன்ற விவகாரங்களில் கட்டுப்பாடு வேண்டாமா?

வேண்டும். 2025 பிப்ரவரியில், கோயிலும் தர்காவும் உள்ள அந்த மலையைச் சுற்றி எழுந்த பதற்றத்தில் மாவட்டத்தில் இரண்டு நாள் தடையுத்தரவு போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்மேல் வெறுப்பைத் தூண்டும் பதிவுக்கு வழக்குப் போடுவதைத் தணிக்கை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதே வேகத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும், அவ்வளவே.

இலங்கையிலும் இப்படிச் சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

2024இன் தொடக்கத்தில் அங்கு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எது பொய்க் கூற்று என்று முடிவு செய்யும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவுக்குத் தரப்பட்டது. பெண்கள், சிறுவர் பாதுகாப்பு என்று சொல்லியே அதைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஈராண்டு முன்பு, 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்தபோது அன்றைய அரசு சமூக ஊடகங்களை முடக்கியது.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதற்கு அட்மின் பொறுப்பா?

அட்மினாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பாக்க முடியாது. கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் தொடர்ந்த வழக்கில், அவருடைய பங்கு அட்மினாக இருந்தது மட்டும்தான் என்றால் குற்றச்சாட்டிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. பதிவைப் போட்டவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால் நிலைமை வேறு.

பகிர்கிறவரின் நிலை இவ்வளவு பாதுகாப்பானதில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்ன நடிகர் எஸ்.வி. சேகரின் வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது. ‘வந்ததை அப்படியே ஃபார்வர்ட் செய்தேன்’ என்பது நம் குழுக்களில் பலர் சொல்லும் சமாதானம். சட்டத்தின் முன் அது நிற்காது.

காவல் நிலையத்திலிருந்து போன் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், எந்தப் பதிவு, எந்தப் பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்வதற்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் எழுத்துப்பூர்வமான அழைப்பாணை கொடுப்பதே பொதுவான நடைமுறை. வாட்ஸ்அப்பில் வந்தால் அது முறையாகக் கொடுக்கப்பட்டதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனையுள்ள பேச்சுக் குற்றங்களில், வழக்குப் பதியும் முன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த அதே சட்டத்தின் 173(3) பிரிவு இடம் தருகிறது. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இத்தகைய புகார்களில் அந்த வழியையே பின்பற்றுவது பொருத்தம் என்றும், எதற்கெடுத்தாலும் மனம் புண்படுகிறவரின் கண்ணால் பேச்சை அளக்கக் கூடாது என்றும் கூறியது. இந்தத் தீர்ப்பின் பெயரை வழக்கறிஞரிடம் நினைவூட்டுவது நல்லது. நிலையத்தில் பேசுவதற்கும் பயன்படும்.

வழக்குப் பதிந்துவிட்டால், கமுக்கமாக வைக்க வேண்டிய சில வகைகளைத் தவிர, முதல் தகவல் அறிக்கையைக் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் தன் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. பதிவைப் பதறிப்போய் அழிக்காதீர்கள். முழுப் பதிவையும், தேதியும் பின்னூட்டங்களும் தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதை நீக்குவதா வேண்டாமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். செல்பேசியைக் கேட்டால், அதைக் கைப்பற்றியதற்கான எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறாமல் கொடுக்க வேண்டாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வழக்கையே ரத்து செய்யக் கோருவதென்றால், அதே நடைமுறைச் சட்டத்தின் 528ஆவது பிரிவின் கீழ் மதுரைக் கிளையில் மனு செய்ய வேண்டும்.